எண்பதுகளின் இளையோர் திரைப்படங்கள்: இந்திய மொழிகளுக்கிடையே நிகழ்ந்த பெயர்வுகள்

முன்னுரை

இந்தியத் திரைப்பட வரலாற்றில் 1978 முதல் 1989 வரையிலான காலம் இளையோரைக் கதைத்தலைவராகக் கொண்ட படங்கள் மிகுந்த காலமாகும். பள்ளியின் இறுதி வகுப்புகளிலோ கல்லூரியின் தொடக்க ஆண்டுகளிலோ இருக்கும் ஆணும் பெண்ணும், அவர்தம் முதற்காதல், பெற்றோரின் எதிர்ப்பு, உடன்போக்கு அல்லது சாவு என்னும் கதையமைப்பு தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் அடுத்தடுத்து வெற்றிபெற்றது. இப்படங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இசை, நடிகர் அறிமுகம், வணிக வெற்றி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அவை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சென்ற வழிகளும், அவ்வாறு செல்கையில் இளையோரின் பேச்சு அடைந்த மாற்றங்களும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

ஒரு மொழியில் காதலை வெளிப்படுத்தப் பயன்படும் பெயர், விளி, உறவுச்சொல், மௌனம் ஆகியன மற்றொரு மொழியில் அதே பணியைச் செய்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் நூல்களில் எதிர்கொள்ளும் இச்சிக்கல் திரைப்படத்தில் உதட்டசைவாலும் காட்சியாலும் மேலும் கடினமாகிறது. அன்றைய இளையோர் படங்கள் இச்சிக்கலுக்குக் கண்ட விடைகளைச் சில தேர்ந்த சான்றுகளின் வழி இக்கட்டுரை வரலாற்று நோக்கில் எடுத்துரைக்கின்றது.

1. பருவமும் பெயரும்

இப்பருவத்தினரைக் குறிக்கும் சொல்லிலேயே மொழிபெயர்ப்புச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. 'டீன்ஏஜ்' என்னும் ஆங்கிலச் சொல் 13 முதல் 19 வரையிலான எண்ணுப்பெயர்களின் ஈற்றைக்கொண்டு உருவானது. ஒலியமைப்பே வயதின் எல்லையை வரையறுத்துவிடுகிறது. அதனைப் பின்பற்றித் தமிழில் 'பதின்பருவம்' என்னும் சொல் ஆக்கப்பட்டது. ஆயின் தமிழ் எண்ணுப்பெயர்கள் வேறு வகையில் அமைந்தவை. பதினொன்று 'பதின்' என்னும் முன்னொட்டுக்குள் வந்துவிடுகிறது. பத்தொன்பது வெளியே நின்றுவிடுகிறது. சொல் பெயர்ந்தது, அதன் எல்லை பெயரவில்லை.

தமிழ் மரபில் வயதடிப்படையிலான பருவப் பெயர்கள் இல்லாமலில்லை. பாட்டியல் நூல்கள் மகளிர் பருவத்தைப் பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக ஏழாகப் பகுக்கின்றன. அவற்றுள் மடந்தைப் பருவம் 14 முதல் 19 வரை எனக் கொள்ளப்படுவது ஆங்கில வரையறைக்கு மிக அணுக்கமானது. ஆனால் இது பெண்ணுக்கு மட்டுமே உரியது. ஆடவர் பருவப் பகுப்பு வேறு வயதெல்லைகளைக் கொண்டது. இருபாலாரையும் ஒரே பருவத்தினராக ஒரே சொல்லால் சுட்டும் தேவை, இருவரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படிக்கத் தொடங்கிய பின்னரே எழுந்தது எனலாம். மலையாளத்தின் 'கௌமாரம்', இந்தியின் 'கிஷோர்' ஆகியனவும் வடமொழி மரபிலிருந்து வந்து இப்புதுப் பொருளை ஏற்றவையே.

திரைப்படம் இச்சிக்கலை எளிய வழியில் தீர்த்தது. பருவத்தின் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை வைத்தது. 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வெளிவந்தபின் பதினாறு என்னும் எண்ணே பருவத்தின் ஆகுபெயராயிற்று. அப்படத்தின் தெலுங்கு மறுவாக்கம் 'பதஹாரேள்ள வயசு' (1978) அவ்வெண்ணை அப்படியே காத்துக்கொண்டது. இந்தி மறுவாக்கமோ 'சோல்வா சாவன்' (1979) எனப் பெயர்பெற்றது. 'பதினாறாம் சாவன்' என்பது அதன் பொருள். சாவன் என்பது வட இந்தியாவின் மழை மாதம். பிரிவும் ஏக்கமும் ஊஞ்சலும் அம்மாதத்தோடு இணைந்து நாட்டுப் பாடல்களில் வருபவை. வயதை ஆண்டால் அளக்கும் தமிழ்த் தலைப்பு, வயதை மழைக்காலத்தால் அளக்கும் இந்தித் தலைப்பாயிற்று. எண் காக்கப்பட்டு அலகு மாற்றப்பட்ட இப்பெயர்வு, கருதத்தக்க நல்ல மொழிபெயர்ப்பாகும்.

2. காலப் பின்புலம்

இளையோர் படங்களின் எழுச்சிக்குச் சட்டமும் கல்வியும் ஓரளவு களம் அமைத்தன. 1978இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் திருத்தப்பட்டுத் திருமண வயது பெண்ணுக்கு 18 எனவும் ஆணுக்கு 21 எனவும் உயர்த்தப்பட்டது. இதனால் பதினாறு வயதுப் பெண், காதலிக்கக்கூடியவளாயினும் சட்டப்படி மணக்க இயலாதவளாக ஆனாள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி அறிமுகமாயிற்று. முன்னர்ப் புகுமுக வகுப்பிற்காகக் கல்லூரிக்குச் சென்ற பதினாறு, பதினேழு வயதினர் இப்போது பள்ளிச் சீருடையிலேயே மேலும் ஈராண்டுகள் இருந்தனர். காலப்பகுதியின் மறுமுனையில், 1989ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இளையோரின் தகுதி எது, உரிமை எது என்னும் வினா நாட்டில் பொதுவாகவே எழுந்திருந்தது.

தொழில்நுட்பமும் துணைசெய்தது. ஒலிநாடாவின் பரவலால் ஒரு மொழிப் படத்தின் பாடல்கள் அப்படம் வெளிவராத மாநிலங்களிலும் கேட்கப்பட்டன. 1982இல் தூர்தர்ஷனின் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. இந்திப் பாடல்கள் இந்தி அறியாத வீடுகளுக்குள் நுழைந்தன. சொல்லின் பொருள் அறியாமலேயே பாடலை மனப்பாடம் செய்யும் தலைமுறை ஒன்று உருவானது. பிறமொழிக் காதற்கதையை ஏற்கும் மனநிலைக்கு இது முன்தயாரிப்பாக அமைந்தது.

இந்தியில் ராஜ் கபூரின் 'பாபி' (1973) இவ்வகைக்கு முன்னோடி. செல்வர் வீட்டு மகனும் மீனவக் கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணும் காதலிக்கும் அக்கதையில் வருக்கமும் சமயமும் தடைகளாக இருந்தன. எண்பதுகளின் படங்கள் இத்தடைகளோடு மற்றொன்றையும் சேர்த்தன. அது மொழி.

3. மொழியே தடையாகும் கதை

கே. பாலசந்தர் 1978இல் தெலுங்கில் இயக்கிய 'மரோ சரித்ரா', தமிழ் இளைஞனும் தெலுங்குப் பெண்ணும் விசாகப்பட்டினத்தில் காதலிக்கும் கதை. கமல்ஹாசனும் சரிதாவும் நடித்தனர். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படம் தமிழில் மறுவாக்கம் செய்யப்படாமலும் குரல் மாற்றப்படாமலும் தெலுங்குப் படமாகவே சென்னையில் வெளியாகி ஓராண்டிற்கும் மேல் ஓடியது. மொழிபெயர்ப்பு வரலாற்றில் இந்நிகழ்வு தனி இடம் பெறத்தக்கது. திரையரங்குகளில் துணைத்தலைப்பு இடும் வழக்கம் வணிகப் படங்களில் வேரூன்றாத காலத்தில், தெலுங்கு அறியாதார் பலரும் இதனைக் கண்டு புரிந்துகொண்டனர். இதற்கு இரு காரணங்கள் கூறலாம். கதைத்தலைவனே இரு மொழிக்கும் இடையில் நிற்பவன். எனவே அவன் புரிந்துகொள்ளும் அளவு அவையோரும் புரிந்துகொண்டனர். அடுத்து, புரியாமை என்பதே கதையின் பொருளாக இருந்தமையால், அவையோரின் புரியாமையும் கதைக்குள் அடங்கிவிட்டது. இதனைத் தமிழில் குரல் மாற்றியிருந்தால் இருவரும் ஒரே மொழி பேசுவோராகிக் கதையின் முடிச்சே அவிழ்ந்திருக்கும்.

இக்கதையைப் பாலசந்தர் 'ஏக் தூஜே கே லியே' (1981) என இந்தியில் மறுவாக்கம் செய்தார். களம் கோவாவிற்கு மாறியது. தமிழ் இளைஞன் வாசு. அண்டை வீட்டு இந்தி பேசும் பெண் சப்னா. கமல்ஹாசனுடன் ரதி அக்னிஹோத்ரி நடித்தார். தமிழ் உரையாடல்கள் பெயர்க்கப்படாமல் தமிழாகவே இந்தி அவையோரின் முன் வைக்கப்பட்டன. பிறமொழிச் சொற்களைப் பொருள் அறியாமல் கேட்டு உணரும் நிலையில், வழக்கமாகத் தமிழ் அவையோர் இருந்த இடத்தில், இம்முறை இந்தி அவையோர் அமர்த்தப்பட்டனர். ஒரு பாடல் இந்தித் திரைப்படத் தலைப்புகளை மட்டுமே கோத்து அமைக்கப்பட்டது. மொழியறியாத இளைஞனிடம் இருக்கும் இந்திச் சொற்கோவை திரைப்படப் பெயர்களே என்னும் உண்மையை அது நயமாகப் பயன்படுத்திக்கொண்டது. இந்தி பேசாத மாநிலங்களில் இந்தியின் முதல் ஆசிரியராகத் திரைப்படமே இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் இந்தி ஒலிப்பு தென்னாட்டுச் சாயல் உடையது என இசையமைப்பாளர்கள் தயங்கியதாகவும், பாத்திரமே தமிழ் இளைஞனாதலால் அது பொருந்தும் என இயக்குநர் வலியுறுத்தியதாகவும் கூறப்படுவதுண்டு. இப்படத்தின் பாடலுக்காக அவர் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதைப் பெற்றார். குறையெனக் கருதப்பட்ட ஒலிப்பு பாத்திரத்தின் இயல்பாக மாறியது.

இருப்பினும் இக்கதையில் மொழிச்சுமை இருவருக்கும் ஒப்பப் பகிரப்படவில்லை. பெற்றோர் விதித்த ஓராண்டுப் பிரிவின்போது வாசு ஒரு கைம்பெண்ணிடம் இந்தி கற்கிறான். திட்டமிட்ட மொழிப்பாடமாகக் காட்டப்படுவது தமிழன் இந்தி கற்பதே. 1965இன் மொழிப் போராட்டத்திற்கும் 1968இன் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்திற்கும் பின் நெடுங்காலம் கழியாத நிலையில் இக்காட்சி வெறும் காதற்காட்சியாக மட்டும் நின்றிருக்க இயலாது. ஆட்சியாணையால் ஏற்கப்படாத மொழி காதலால் ஏற்கப்படுகிறது என்று ஒருவர் இதனை வாசிக்கலாம். காதலிலும் கற்க வேண்டியவன் சிறுபான்மை மொழியினனே என்று மற்றொருவர் வாசிக்கலாம். இரு வாசிப்புக்கும் படம் இடம் தருகிறது. இந்தி கற்றும் அவனுக்கு வாழ்வு கிட்டவில்லை, இருவரும் இறக்கின்றனர். இப்படத்தைப் பின்பற்றி இளங்காதலர் உயிர்மாய்த்துக்கொண்டதாக அந்நாளில் செய்திகள் வெளிவந்து, முடிவு பற்றிய கண்டனமும் எழுந்தது. மொழித்தடையை இரு குடும்பங்களின் பெருமிதமாகவும் பிடிவாதமாகவும் காட்டிய படம், அத்தடைக்கு வேறு தீர்வைக் காட்டவில்லை என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

4. ஒரு கதை, மூன்று மொழி

ஒரே இயக்குநர் ஒரே கதையை மும்மொழியில் எடுத்தமைக்குப் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) சிறந்த சான்று. தமிழில் கார்த்திக்கும் ராதாவும் அறிமுகமாயினர். அதே ஆண்டில் தெலுங்கில் 'சீதாகோகசிலுக' வெளிவந்து, சிறந்த தெலுங்குப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. 1983இல் இந்தியில் குமார் கௌரவ், பத்மினி கோலாபுரே ஆகியோர் நடித்த 'லவ்வர்ஸ்' வந்தது. கதை கடலோரச் சிற்றூர் ஒன்றில் பார்ப்பன இளைஞனுக்கும் கிறித்தவப் பெண்ணுக்கும் இடையே தோன்றும் காதல். இறுதியில் இளைஞன் பூணூலையும் பெண் சிலுவையையும் களைந்துவிட்டுச் செல்கின்றனர்.

அகப்பாடல் மரபோடு இதனை ஒப்புநோக்குவது பயன்தரும். அகத்திணையில் தலைவன் தலைவியருக்கு இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. பெயர் கூறின் அது அகமாகாது என்பது இலக்கணிகள் வகுத்த விதி. சாதி, குடி, சமயம் ஆகிய அடையாளங்களைப் பெயர் தாங்கிவருவதால், பெயரின்மை காதலைப் பொதுமையாக்குகிறது. திரைப்படத்திற்கு அவ்வுரிமை இல்லை. விச்சு, மேரி என்னும் பெயர்கள் ஒலிக்கப்பட்ட அளவிலேயே கதையின் முரண் நிறுவப்பட்டுவிடுகிறது. இறுதிக் காட்சியில் அடையாளங்களைக் களைதல் என்பது பெயரற்ற அகநிலைக்குத் திரும்புதலாகும். உடன்போக்கு என்னும் பழைய துறை இங்குப் புதிய பொருளில் வந்துள்ளது.

பூணூலும் சிலுவையும் காட்சிப் பொருள்கள், மொழிபெயர்ப்பு வேண்டாதவை. அதனாலேயே இக்கதை மும்மொழியில் இயங்க முடிந்தது. ஆனால் பேச்சு அவ்வாறன்று. தமிழில் சாதிக் கிளைமொழி வேறுபாடுகள் ஆழமானவை என்பதை 1960களில் வில்லியம் பிரைட், ஏ. கே. இராமானுஜன் ஆகியோரின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. 'ஆத்துக்கு', 'அவா' போன்ற ஒரு சொல்லே பேசுவோனின் குடியை அறிவித்துவிடும். பாத்திரத்தின் பின்புலத்தைத் தமிழ் உரையாடலாசிரியர் ஓரசையில் உணர்த்த முடியும். பொது இந்தியில் சாதி இத்துணைத் தெளிவாக வினைவடிவிலும் பதிலிப்பெயரிலும் தோன்றுவதில்லை. சமயம், வட்டாரம், கல்வி ஆகியன சொற்தேர்விலும் ஒலிப்பிலும் தோன்றும். எனவே இந்தி உரையாடலாசிரியர் தமிழில் சொல் செய்யும் பணியை ஆடைக்கும் வீட்டமைப்பிற்கும் வழிபாட்டுக் காட்சிக்கும் மாற்றித்தர வேண்டியவராகிறார். சொல்லில் இழந்ததைக் காட்சியில் ஈடுசெய்யும் இம்முறை, நூல் மொழிபெயர்ப்பாளருக்குக் கிட்டாத வசதியாகும்.

5. தலைப்புகளின் பெயர்வு

தலைப்புகளை நிரல்படுத்திக் காணும்போது அன்றைய மொழிபெயர்ப்புப் போக்கு தெளிவாகிறது. 'அலைகள் ஓய்வதில்லை' என்பது எதிர்மறை வினைமுற்றால் முடியும் முழுத்தொடர். கடலோரக் களத்தையும் காதலின் இடையறாமையையும் ஒருங்கே சுட்டுவது. 'சீதாகோகசிலுக' என்பது பட்டாம்பூச்சியின் தெலுங்குப் பெயர். சீதை, கோக (சேலை), சிலுக (கிளி) என்னும் மூன்று சொற்கள் கூடி அமைந்த அழகிய தொகைச்சொல் அது. 'வண்ணத்துப்பூச்சி' எனத் தமிழில் பெயர்த்தால் நிறம் மட்டும் எஞ்சும். சீதையின் சேலையும் கிளியும் மறையும். இந்தியிலோ ஆங்கிலச் சொல்லே தலைப்பாயிற்று. உருவகம், தொகைச்சொல், கடன்சொல் என மூன்று வழிகள் ஒரே கதைக்குப் பின்பற்றப்பட்டன.

சூரஜ் பர்ஜாத்யாவின் 'மைனே பியார் கியா' (1989) இலக்கண நோக்கில் மிகச் சுவையானது. இந்தி வினை பொதுவாக எழுவாயின் பாலைக் காட்டும். ஆனால் செயப்படுபொருள் குன்றா வினை முற்றுநிலையில் வரும்போது எழுவாய் 'நே' என்னும் உருபை ஏற்க, வினை செயப்படுபொருளோடு இயைகிறது. இத்தலைப்பில் வினை 'பியார்' என்னும் ஆண்பாற் பெயரோடு இயைந்துள்ளது. ஆகவே இத்தொடரைக் கூறுபவர் ஆணா பெண்ணா என்பது வெளிப்படுவதில்லை. காதலர் இருவருக்கும் பொதுவான வாக்குமூலமாக அது நிற்கிறது. தமிழின் தன்மை வினைமுற்றும் பால்காட்டாது. 'நான் காதலித்தேன்' என நேராகப் பெயர்த்திருப்பினும் அப்பொதுமை கெட்டிராது. ஆயினும் குரல்மாற்றிய தமிழ் வடிவிற்குக் 'காதல் ஒரு கவிதை' எனவும், தெலுங்கு வடிவிற்குப் 'பிரேம பாவுராலு' எனவும் பெயரிடப்பட்டன. முன்னது காதலை வரையறுக்கும் பெயர்த்தொடர். பின்னது படத்தில் தூது செல்லும் புறாவைச் சுட்டுவது. அறிக்கையிடும் தன்மையிடம் இரண்டிலும் இல்லை.

மணிரத்னத்தின் தெலுங்குப் படமான 'கீதாஞ்சலி' (1989) தமிழில் குரல் மாற்றப்பட்டபோது 'இதயத்தைத் திருடாதே' எனப் பெயர் பெற்றது. பெயர்ச்சொல் எதிர்மறை ஏவலாயிற்று. கன்னடத்தில் ரவிச்சந்திரன் இயக்கி நடித்த 'பிரேமலோக' (1987) தமிழில் 'பருவ ராகம்' என வந்தது. காதலின் உலகம் என்னும் இடப்பொருள் பருவத்தின் இசை என்னும் காலப்பொருளாக மாறியது. காலப்பிரிவையும் உடல் முதிர்ச்சியையும் ஒருங்கே குறிக்கும் 'பருவம்' என்னும் தமிழ்ச்சொல்லின் இருபொருள்மை, மூலத்தில் இல்லாத இளமைக் குறிப்பைத் தலைப்பில் சேர்த்தது. அன்றைய தமிழ்த் தலைப்பாளர் மூலத்தின் பொருளைக் காட்டிலும் தமிழ்ப் பாடல் மரபின் ஓசையையே அளவுகோலாகக் கொண்டனர் என்பது இவற்றால் பெறப்படும்.

6. விளியும் உறவுப்பெயரும்

முன்னிலைப் பதிலிப்பெயர்கள் அதிகாரத்தையும் நெருக்கத்தையும் காட்டுவன என்பதை ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960இல் விளக்கினர். இளையோர் படங்களின் திருப்புமுனை பெரும்பாலும் இப்பதிலிப்பெயர் மாறும் இடமே. தமிழில் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு ஒரே படி உள்ளது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வாறே. இந்தியில் 'ஆப்', 'தும்', 'தூ' என மூன்று படிகள் உள்ளமையால் நெருக்கத்தைப் பகுத்துக் காட்ட இயலும். முதற்படியிலிருந்து இரண்டாம்படிக்கு இறங்குவதைத் தமிழாக்குபவர், 'நீ' என்பதை அங்கேயே செலவிட்டுவிட்டால் அடுத்த இறக்கத்திற்கு அவரிடம் சொல் இராது. விளிகளையும் பெயர்ச்சுருக்கங்களையும் கொண்டே அதனை ஈடுசெய்ய வேண்டும்.

மலையாளத்தில் நிலைமை வேறு. அங்குப் பெண் தன் காதலனை 'ஏட்டன்' என அழைப்பது இயல்பு. அச்சொல்லின் நேர்ப்பொருள் அண்ணன். ஃபாசில் இயக்கிய 'என்னென்னும் கண்ணேட்டன்டெ' (1986) என்னும் படத்தலைப்பு 'என்றென்றும் கண்ணேட்டனுடைய' எனப் பொருள்படும். ஆறாம் வேற்றுமையோடு நின்றுவிடும் அத்தொடரில் உடைமை எதுவென்பது கூறப்படாமல் உணர வைக்கப்படுகிறது. இதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் காதலன் உடன்பிறந்தானாகி, முறைகேடான பொருள் தோன்றும். தமிழில் காதலனைச் சுட்ட வரும் அத்தான், மாமா என்பன மண உறவுக்குரிய முறைப்பெயர்கள்; அவை உரிமையை முன்வைப்பனவே அன்றி, ஏட்டன் என்பதில் உள்ள காப்பும் பரிவும் கலந்த மதிப்பை முன்வைப்பன அல்ல. ஃபாசிலே இக்கதையை 1989இல் தமிழில் இயக்கியபோது 'வருஷம் 16' எனப் பெயரிட்டார். உறவுச்சொல் பெயர்க்க இயலாத இடத்தில், தமிழ் அவையோருக்கு 1977இலிருந்தே பழகிய எண் மீண்டும் துணைக்கு வந்தது.

நட்பைக் குறிக்கும் சொல்லும் இத்தகையதே. இந்தியின் 'தோஸ்த்' இருபாற்பொது. தமிழில் தோழன், தோழி, நண்பன், நண்பி, சிநேகிதன், சிநேகிதி எனப் பால்காட்டும் ஈறு சொல்லோடு ஒட்டியே வரும். ஆணும் பெண்ணும் வெறும் நண்பராக இருக்க முடியுமா என்னும் வினாவை எழுப்பும் 'மைனே பியார் கியா' போன்ற படத்தைத் தமிழாக்கும்போது, பால் குறியாத நட்புச்சொல் இல்லாமையே முதல் தடை. மூலப்படத்திலேயே 'ஃபிரண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் பொறித்த தொப்பி ஒன்று கதைப்பொருளாக வருகிறது. குரலை மாற்றலாம், தொப்பியில் உள்ள எழுத்தை மாற்ற இயலாது. தமிழ் இளையோர் பேச்சில் இவ்வாங்கிலச் சொல் நிலைபெற்றமைக்கு நாகரிக விருப்பம் மட்டும் காரணமன்று. பால்காட்டாச் சொல்லுக்கான இலக்கணத் தேவையும் அதன் பின்னுள்ளது.

7. உதடும் சொல்லும்

குரல்மாற்றுப் படத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டுப்படுத்துவது நடிகரின் உதடு. அண்மைக் காட்சியில் இதழ்கள் கூடும் இடத்தில் ப, ம ஆகிய ஈரிதழ் ஒலிகளுள் ஒன்று வந்தாக வேண்டும். கூடாத இடத்தில் அவை வரலாகாது. இக்கட்டுப்பாடு காதற்படங்களில் எதிர்பாராத ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பிரேம', இந்தியில் 'பியார்', மலையாளத்தில் 'பிரேமம்', 'பிரணயம்' என அடிப்படைச் சொல் யாவும் பகரத்தில் தொடங்குவன. தமிழின் 'காதல்' என்னும் சொல்லில் ஈரிதழ் ஒலி ஒன்றேனும் இல்லை. கதையின் உயிரான சொல்லை நாயகன் உச்சரிக்கும் கணத்தில், அதுவும் அண்மைக் காட்சியில், தமிழ்ச்சொல் உதட்டோடு பொருந்துவதில்லை. 'பிரியம்', 'அன்பு' போன்றவற்றால் ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் அவற்றின் பொருட்பரப்பு வேறு. முகத்தைத் திருப்பிய காட்சிக்குச் சொல்லைத் தள்ளிவைத்தலும், தொடரின் முன்பின் சொற்களில் 'உன்மேல்', 'மனசு' போன்ற இதழொலிச் சொற்களைப் பெய்தலும் இத்தகைய இடங்களில் குரல்மாற்று உரையாடலாசிரியருக்கு உள்ள வழிகள்.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றுவதில் ஓர் எளிமையும் உண்டு. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரீறு கொண்டவை. எழுத்துத் தமிழில் மெய்யீறு மிகுதி. ஆனால் பேச்சுத் தமிழில் ஈற்று மெய்யை அடுத்து உகரம் சேர்வதும், னகர மகர ஈறுகள் மூக்கின உயிராவதும் இயல்பு. எனவே பேச்சுத் தமிழின் வாய்த்தோற்றம் தெலுங்கிற்கு அணுக்கமாகிறது. எழுபதுகளின் இறுதியில் தமிழ்த்திரை மேடைத்தமிழிலிருந்து பேச்சுத்தமிழுக்கு மாறியது, கலைநோக்கில் மட்டுமன்றிக் குரல்மாற்றுத் தொழிலுக்கும் உதவியாயிற்று. 'இதயத்தைத் திருடாதே' போன்ற படங்களைத் தமிழ் அவையோர் நேரடிப் படமாகவே ஏற்றனர். வேட்டூரியின் தெலுங்குப் பாடல்களுக்கு இணையாக வைரமுத்து தமிழில் எழுதிய பாடல்கள், மெட்டிற்கும் வாயசைவிற்கும் ஒருங்கே கட்டுப்பட்டு அமைந்தும் தனித்து நின்றன.

8. பெயர்க்கப்படாதவை

எல்லாப் படங்களும் எல்லை கடக்கவில்லை, கடக்காதவையும் ஆய்வுக்குரியன. 'ஒருதலை ராகம்' (1980) கல்லூரி மாணவன் ஒருவனின் காதலைக் கூறுவது. பெண் தன் விருப்பத்தைச் சொல்லாமலேயே காலம் கடத்துகிறாள். இப்படத்தின் பாடல்கள் அனைத்தும் ஆண்குரலில் அமைந்தவை. பெண்ணுக்குப் பாட்டே இல்லை. தொல்காப்பியம் கைக்கிளையைக் காமத்திற்கு இன்னும் முதிராத இளையவளிடம் ஒருவன் கொள்ளும் வேட்கையாகவும், அவளிடமிருந்து மறுமொழி பெறாது தானே சொல்லி இன்புறுதலாகவும் விளக்குகிறது. இளம்பருவமும் ஒருதலைமையும் அவ்விலக்கணத்தில் இணைந்தே நிற்றல் நோக்கத்தக்கது. திரைப்படத்தின் இசையமைப்பே கைக்கிளையின் இலக்கணத்தை நிறைவேற்றியுள்ளது. உரையாடலைப் பெயர்க்கலாம்; மௌனத்தின் பண்பாட்டுப் பொருளைப் பெயர்ப்பது அரிது.

பாரதி–வாசு இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) உதகையின் உறைவிடப் பள்ளியைக் களமாகக் கொண்டு, பள்ளி மாணவரின் உணர்வை இரக்கத்தோடு அணுகியது. பத்மராஜனின் மலையாளப் படம் 'தேசாடனக்கிளி கரயாறில்லா' (1986) இன்னும் ஒரு படி சென்றது. பள்ளியிலிருந்து ஓடிப்போகும் இரு மாணவியரின் பிணைப்பை அது பேசியது. பிற்கால ஆய்வாளர் அதனை ஒருபாற் காதலாகவும் வாசித்தனர். ஆண்–பெண் காதல் என்னும் அச்சில் அடங்காத இளமை, மறுவாக்கச் சந்தையின் தேவைக்கு உட்படவில்லை.

பிரதீப் கிருஷண் இயக்க, அருந்ததி ராய் திரைக்கதை எழுதிய 'இன் விச் ஆனி கிவ்ஸ் இட் தோஸ் ஒன்ஸ்' (1989) மொழியியலாளர்க்குத் தனிப்பட்ட பொருளாகும். தில்லிக் கட்டடக்கலை மாணவர் 1974இல் பேசிய ஆங்கிலமும் இந்தியும் கலந்த பேச்சை அது திருத்தாமல் பதிவுசெய்தது. தலைப்பே அக்கல்லூரி வழக்கு. தூர்தர்ஷனில் ஒளிபரப்பான இப்படம் திரைக்கதைக்காகவும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லாத மொழிப்படம் என்னும் வகையிலும் தேசிய விருது பெற்றது. கலப்பு மொழியையே தாய்வழக்காகக் கொண்ட இளையோரின் பேச்சை எந்த அட்டவணையில் வைப்பது என்னும் வினாவை அவ்வகைப்பாடு தன்னையறியாமல் எழுப்பிவிட்டது. இதனை மற்றொரு மொழிக்குப் பெயர்க்க முனைவோர், எதனை மூலமொழி எனக் கொள்வது என்பதிலேயே தயங்க நேரும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், எண்பதுகளின் இளையோர் படங்கள் இந்திய மொழிகளுக்கிடையே நான்கு வழிகளில் பெயர்ந்தமை புலனாகும். பெயர்க்காமல் மூலமொழியிலேயே செல்லுதல், இயக்குநரே மறுவாக்கம் செய்தல், மற்றொரு மொழி வடிவையும் உடன் உருவாக்கல், குரல்மாற்றல் என்பன அவை. காட்சிப் பொருள் எளிதில் பெயர்ந்தது. எண் தடையின்றிச் சென்றது. உறவுப்பெயரும் பதிலிப்பெயரும் சாதிக் கிளைமொழியும் பெயரவில்லை. அவற்றின் இடத்தை இசையும் ஆடையும் ஆங்கிலச் சொல்லும் நிரப்பின. 'ஏக் தூஜே கே லியே' காட்டுவதுபோல், எவர் எவர் மொழியைக் கற்பது என்னும் வினா காதற்கதையிலும் அதிகார வினாவாகவே இருந்தது.

இன்று பன்மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் படங்களும், துணைத்தலைப்போடு வீட்டுத்திரைக்கு வரும் பிறமொழிப் படங்களும் வழக்கமாகிவிட்டன. அவற்றுக்கான மொழிபெயர்ப்பு விரைவாகவும் ஒரே அச்சிலும் நடைபெறுகிறது. மூலமும் மறுவாக்கமும் குரல்மாற்று வடிவமும் அருகருகே கிடைக்கும் எண்பதுகளின் படங்கள் ஒப்பியல் மொழியியலுக்கு ஆயத்தமான இணைத்தொகுப்பாகும். ஒரே சூழலில் ஒரே உணர்வை ஐந்து மொழிகளின் இளையோர் எவ்வாறு கூறினர் என்பதற்கு அச்சிட்ட சான்றுகள் மிகக் குறைவு, திரைச்சான்றுகள் மிகுதி. அவற்றின் உரையாடல்களைப் படியெடுத்து, விளி, பதிலிப்பெயர், கடன்சொல், மௌனம் என்னும் தலைப்புகளில் வகைப்படுத்தினால், பேச்சு வழக்கின் வரலாற்றை எழுதுவோர்க்கும் உரையாடல் மொழிபெயர்ப்பைக் கற்பிப்போர்க்கும் அது நிலையான கருவியாக அமையும்.